எட்டுப் பள்ளிகளை ஒன்றாகக் கொட்டவிடாத டாக்டர் தேவமலர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் கல்விக் கழகத் தலைவர் பரமேஸ்வரன் அவர்களே, மறைந்த டாக்டர் தேவமலரின் கணவர் தினேஸ்வரன் அவர்களே, தெங்கேரா டவுனிலிருந்தும் சிம்பாங் அம்பாட் எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியர்களே! கழகச் செயலாளர் ஹனீஃப் பேசுகிறேன். அழுவதற்குத்தான் வந்தேன். உங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் மார்தட்டத் தோன்றுகிறது!

யார் இந்த டாக்டர் தேவமலர்? பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்தவர். நமக்கோ, பிள்ளைகளுக்கு நம் கழகம் நடத்தும் சனிக்கிழமை வகுப்புகளைக் காப்பாற்றிய வீராங்கனை!

வகுப்புகளை மூடச் சொன்ன அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? எட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் மதிப்பெண்களையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தார் ஓர் ஆலோசகர். "சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், வராதவர்களைவிடக் குறைவாக வாங்குகிறார்கள். மூடிவிடுங்கள்" என்றார். தேவமலர் மட்டும் எழுந்தார்.

"பள்ளி பள்ளியா பிரிச்சுப் பார்த்தீங்களா சார்?"

பிரித்தார்கள். எட்டுப் பள்ளியிலும் வகுப்புக்கு வந்த பிள்ளைகளே மேலே! கூட்டத்தில் இருந்த நம் காளிதாஸ் அண்ணன் சும்மா இருப்பாரா?

"அது எப்படிலா? ஒவ்வொரு பள்ளியிலயும் ஏறுது, மொத்தமா பார்த்தா இறங்குதா?" என்று குதித்தார்.

"வகுப்புக்கு வர்றது முக்கால்வாசி எஸ்டேட் பிள்ளைங்க அண்ணே. நாப்பதுல இருந்தவன் அம்பதுக்கு வந்திருக்கான். வகுப்புக்கே வராத டவுன் பையன் ஏற்கெனவே எழுபதுல நிக்கிறான். ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தி அளந்தா, பழி வகுப்பு மேலதானே விழும்?"

தேவமலர் சொல்லித்தந்தது இதுதான்: பிள்ளைகள் பள்ளிகளுக்குள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வித்தியாசம் வேறு, பள்ளிக்குப் பள்ளி உள்ள வித்தியாசம் வேறு. இரண்டையும் தனித்தனியே, ஆனால் சேர்த்தே பார்க்கும் அந்தக் கணக்குக்கு மல்ட்டிலெவல் மாடலிங் என்று பெயராம். கடைக்காரன் எனக்கே புரிந்தது!

தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ வகுப்புக்கு வர்ற முன்னூறு பிள்ளைங்களும் நமக்குச் சாட்சினு பேப்பர்ல போட்டுடலாம்!" என்றார். தேவமலர் விட்டாரா?

"முன்னூறு தனித்தனிச் சாட்சி இல்ல சார். ஒரு பள்ளிப் பிள்ளைங்க எல்லாம் ஒரே வாத்தியார்கிட்ட படிக்கிறாங்க, ஒரே வேன்ல வர்றாங்க. வேன் ரிப்பேர்னா மொத்த எஸ்டேட்டும் லீவு! ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குற பிள்ளைங்க அவங்க. நமக்குச் சாதகமா இருந்தாலும் தப்பு தப்புதான்."

சிரியுங்கள் தலைவரே, அன்று நீங்கள் சிரிக்கவில்லை! நமக்காக வாதாடியவர் நம்மையும் மடக்கினார். அதனால்தான் அவர் சொன்னதை எதிர்த்தவர்களும் நம்பினார்கள்.

வகுப்புகள் மூடப்பட்டனவா? இல்லை! மஸ்ஜித் தானா ஊரிலும் புதிதாக ஒன்று திறந்தோம். சிம்பாங் அம்பாட் வகுப்பில் படித்த நளினி, இன்று அங்கேயே ஆசிரியை. பின்வரிசையில் அழுதுகொண்டிருக்கிறாள். அழு அம்மா. இனி நம்மை அதட்டிக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

நாம் கேட்போம்! எந்த அறிக்கை வந்தாலும், எந்தப் பள்ளிப் பிள்ளையை எந்தப் பள்ளிப் பிள்ளையோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்போம். இது கழகத்தின் உறுதிமொழி.

துக்கத்துக்காக இந்த வாரம் வகுப்பை ரத்து செய்யலாமா என்று நேற்று ஒருவர் கேட்டார். தேவமலர் பெயரைச் சொல்லி வகுப்பை மூடுவதா? ஆலோசகரால் முடியாததை நாம் செய்வதா? சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பு உண்டு. பிள்ளைகளை அனுப்புங்கள்!