கைப்பட்டி பச்சை காட்டிய பகல்

எனது பெயர் தம்பிராசா பிரியவதனி. வயது 32. மண்கும்பானில் வசிக்கிறேன். நாடித்துடிப்பைக் கணிக்கும் கைப்பட்டிகளில் உடம்பில் படும் பகுதியை வடிவமைப்பது எனது தொழில். நயினாதீவில் காலமான சர்வேஸ்வரக் குருக்களின் மனைவி நாகபூஷணி அம்மாவை இந்தப் பொலிஸ் நிலையத்தில் வைத்து விசாரிப்பதாக அறிந்து, ஒருவரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

மிரோஜன் என்பவரும் நானும் எங்கள் வீட்டு முன்னறையில் சேர்ந்து வேலை செய்து வருகிறோம். பட்டியின் அடியில் இரண்டு சிறிய உலோகத் தகடுகள் உள்ளன. அவை என்னுடைய வேலை. அவை தோலில் பட்டால்தான் பட்டி கையில் இருப்பதாகக் கருவி நம்பும். அதன் பின்னர் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கும். கழற்றினால் விசில் அடிக்கும். கணிக்கும் மென்பொருள் மிரோஜனுடையது. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று எங்களுக்கு உதவுவதாகச் சொல்லி, பதிவுகளில் இடைவெளியே இருக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தது.

சர்வேஸ்வரக் குருக்களுக்கு இருதய வருத்தம் இருந்ததால் அவருக்கும் ஒரு பட்டி கொடுத்தோம். எல்லாம் நன்றாக இருந்தால் நாகபூஷணி அம்மாவின் கைபேசியில் பச்சை தெரியும், ஏதும் பிழை என்றால் சிவப்பு. ஆனால் குருக்கள் பட்டியோடு மூலஸ்தானத்துக்குள் போகமாட்டார். குளித்து, மணிக்கட்டில் திருநீறு பூசிய பின்னர், மூர்த்தியைத் தொடும் கையில் இப்படியானவை இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய முறை. கழற்றி வைத்தால் பூசை நடுவே விசில் அடிக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அடுத்த முறை இறங்குதுறையில் கண்டபோது, "மிரோஜன் தம்பி ஒரு வழி சொல்லித் தந்தவர், இப்ப சத்தமில்லை" என்று சிரித்தார். என்ன வழி என்று கேட்பதற்குள் படகு வெளிக்கிட்டுவிட்டது. அது அன்றைக்கே எனக்கு நெருடியது. மிரோஜனைக் கேட்டபோது, "அது எங்கட இரகசியம்" என்று பகிடி விட்டார். பகிடி விடும்போது அவர் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட பகிடி எனக்குப் பிடிக்காது.

கடந்த புதன்கிழமை காலைப் பூசைக்குப் போன குருக்கள் வீடு திரும்பவில்லை. அது ஆள் வரத்துக் குறைந்த சிறிய கோயில். பகலில் அங்கேயே படுத்தெழும்பி மாலையில் வருவது அவர் வழமை என்பதாலும், கைபேசி பச்சை காட்டியதாலும் அம்மா தேடிப் போகவில்லை. மாலைப் பூசைக்கு வந்த தமையனார் கைலாசபதிக் குருக்கள், தம்பி மூலஸ்தான வாசலில் விழுந்து கிடக்கக் கண்டார். காலையிலேயே உயிர் பிரிந்துவிட்டதாக வைத்தியர் சொன்னார். பட்டியோ மாலை வரை துடிப்பைப் பதிந்திருந்தது. அது மடைப்பள்ளியில் வாழைப்பழச் சீப்புக்குள் கிடந்ததாகவும், தானே அதை இழுத்தெடுத்ததாகவும், தம்பி இறந்தது தெரியாமல் இருக்க அம்மா அதைத் தன் கையில் கட்டியிருந்துவிட்டு அங்கே ஒளித்ததாகவும் தமையனார் முறைப்பாடு செய்தார். பூசை முறை பற்றிச் சகோதரர்களுக்கிடையில் இருந்த மனஸ்தாபம் ஊரறிந்தது. ஆகவே நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான்.

அதன் பின்னர், மிரோஜன் பொலிசாரிடம், "உயிருள்ள உடம்பிலை கட்டினால்தான் துடிப்பு வரும்" என்று சொன்னதாக அறிந்தேன். உடனே எனது சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. ஏனென்றால், சில வாரங்களுக்கு முன்னர் அவருடைய மேசையில் கப்பல் என்ற இன வாழைப்பழம் ஒன்றில் பட்டி கட்டியிருந்ததைக் கண்டு விசாரித்திருந்தேன். "சும்மா பாத்தனான். நீர் ஏன் பொலிஸ் மாதிரிக் கேக்கிறீர்?" என்றார். அல்லைப்பிட்டியில் எங்கள் பட்டியைக் கட்டியிருக்கும் அன்ரனிட்டா அக்காவுக்கு அழைத்து, குளிக்கும்போது அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வாழைப்பழத்திலை கட்டி வைப்பன் பிள்ளை. அப்ப கத்தாதெண்டு மிரோஜன் தம்பிதான் சொன்னவர். பிழையோ?" என்றார். பிழைதான், இனி அப்படிக் கட்ட வேண்டாம் என்று சொன்னேன்.

இன்று இங்கே பட்டியை எனக்குக் காட்டினார்கள். அதன் வார் மிக இறுக்கமான கடைசித் துளையில் பூட்டியபடியே இருந்தது. அம்மாவின் கை அதற்குள் நுழையவில்லை. பெண் கொன்ஸ்தாபிளின் கையும் நுழையவில்லை. அதன் பின்னர் கடையில் வாங்கிவந்த வாழைப்பழம் ஒன்றில் அதை மாட்டினேன். சற்று நேரத்தில் பச்சை எரிந்து, துடிப்பு எழுபத்திரண்டு என்று காட்டியது. ஈரமுள்ள பழத்தோலையும் மனிதத் தோலையும் எனது தகடுகளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. துடிப்பே இல்லாத இடத்திலும் மிரோஜனின் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுகிறது. இது அவருக்குத் தெரியும். பதிவில் இடைவெளி விழாமல் இருக்க இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தார் என்றும், அது வெளியே வராமல் இருக்க அம்மாவைப் பொலிசில் இருக்க விட்டார் என்றும் நான் நம்புகிறேன்.

கொன்ஸ்தாபிள் ஒருவர் பழத்தைப் பார்த்துச் சிரித்தார். பொறுப்பதிகாரி அவரை வெளியே போகச் சொன்னார். அம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து, பச்சை எரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு முழுக்க நான் பாத்துக்கொண்டு இருந்தது இதையோ, பிள்ளை?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் இதில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை.

ஒப்பம்: த. பிரியவதனி