விஜயசங்கருக்கு இப்போது 704

குற்றாலத்துக்குப் போனால் நான் குளிப்பதில்லை சார். சளி பிடித்துக்கொள்ளும். அதனால் கூட்டாளிகளோடு போகும்போதெல்லாம் துணிமணிக்கும் போன்களுக்கும் காவல் நான்தான். ஜனம் நெருக்கினாலோ போலீஸ் விசில் அடித்தாலோ துண்டை வீசிக் கூப்பிடுவேன், வந்துவிடுவார்கள். அந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழாது.

விஜயசங்கரின் போன் என்னிடம் எப்படி வந்தது என்றுதானே கேட்டீர்கள்? இப்படித்தான் வந்தது.

தென்காசியில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஐம்பது ரூபாய்க்கு சிபில் ஸ்கோர், அதாவது ஒருத்தரை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று பேங்க் பார்க்கிற மார்க், பார்த்துக் கொடுப்பேன். சங்கருக்கு மட்டும் இலவசம். பைக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தவன், 781 இருந்தது. எனக்கு 512. கலர் ஜெராக்ஸ் மிஷினைத் தவணையில் கேட்டேன், எங்கேயும் தரவில்லை. அவனோ அவ்வளவு பெரிய நம்பரை வைத்துக்கொண்டு எதுவுமே வாங்காமல் இருந்தான். சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின சீசனில் அவன் பெயரில் மிஷின் கடனுக்கு விண்ணப்பம் போட்டேன். ஆதார், பான் எல்லாம் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. ஓடிபி அவன் போனுக்கு வரும், அவன் அருவியில் நிற்பான். விண்ணப்பத்துக்கு அவன் முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது. எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருந்தவனிடம், "ஏலே சங்கரு, இங்கன பாரு, சிரி" என்றேன். சிரித்தான்.

நடுவில் வியாபாரம் படுத்தது. நாலு தவணை போய்விட்டது.

போன வருஷம் அவனுக்கு பேங்க் வேலை கிடைத்தது. சேரும்போது ஸ்கோர் காட்ட வேண்டும் என்றார்களாம். கடைக்கு வந்தான்.

"சேருத அன்னைக்கு எறநூத்தம்பது பேரு முன்னால போயி நிக்கணும்லே பாண்டி. ஆறுநூத்தம்பதுக்கு மேல கேக்காவ. நமக்கென்ன, நெஞ்ச நிமித்திக் காட்டுவோம்."

543 என்று வந்தது. அவன் வாங்காத கடன் ஒன்றில் நாலு தவணை பாக்கி என்றும் இருந்தது. ஏதோ கம்ப்யூட்டர் தப்பு என்று நான்தான் தேற்றினேன். கடன் கொடுத்த கம்பெனிக்கு, விண்ணப்பத்தின் நகலை அனுப்பச் சொல்லி அவனுக்காகக் கடிதம் எழுதியதும் நான்தான். எழுதாமலிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை, மனசு சரியில்லை, குளித்துவிட்டு வருவோம் என்றான். கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, அருவிக்குக் கீழே ஓடையைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பாறையில் இறங்கினான். போன் என் கையில். பத்தரை மணிக்குக் கம்பெனியிலிருந்து அந்த நகல் மெயிலில் வந்தது. திறந்தேன். விண்ணப்பத்துப் படத்தில் எண்ணெய் வழிய அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தலை நிமிர்ந்தபோது தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கர் என்னைத்தான் பார்த்தான். வரவா என்று கையால் கேட்டான். துண்டு என் தோளில்தான் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் குளி என்று கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

சட்டை, பேன்ட், செருப்பு எல்லாவற்றையும் அவன் அம்மா சண்முகசுந்தரியிடம் ஒப்படைத்தேன். போன் தண்ணீரோடு போய்விட்டது என்று சொன்னேன்.

கடன் தொல்லையால் அவனாகவே குதித்துவிட்டான் என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு தவணை தவறவிட்டதில்லை. அவன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வேன். முதல் தேதி ஸ்கோர் பார்ப்பேன். "வாழ்த்துகள் விஜயசங்கர், உங்கள் ஸ்கோர் உயர்ந்திருக்கிறது" என்று வரும். போனைக் கவிழ்த்து வைத்தாலும் அந்தச் சிரிப்பு தெரியும் சார்.

போன வாரம் 704 வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அந்த நம்பரை விரலால் தடவினார்கள்.

"எம்புள்ள கடங்காரன் இல்லேல்லாய்யா?"

"இல்லம்மா. அவன மாதிரி நாணயஸ்தன் யாருமில்ல."

தாளில் தேதி இருந்ததைத்தான் நான் யோசிக்கவில்லை. செத்து ஒரு வருஷமானவனுக்கு இந்த மாதத் தேதியில் தாள் எப்படி வந்தது என்று கேட்டுத்தான் அம்மா உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள்.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று சார், இன்னும் ஏழு தவணை பாக்கியிருக்கிறது. என்னை உள்ளே வைத்துவிட்டால் யார் கட்டுவார்கள்? பாவம், அவன் பெயர் கெட்டுப்போகும்.