குளியலறை கேட்ட எம்.பி.

ஸ்டோவ்னர் போகும் நிலக்கீழ் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டும் வேலை முடிந்து வருகிறார்கள். இளையவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

“அந்த மனுசன் வருசக்கணக்கா பாராளுமன்றத்திலை குளியலறையைப் பற்றித்தான் கதைச்சிருக்கிறார், அக்கா.”

“எந்த மனுசன்?”

“என்ரை மாஸ்டர் பட்ட ஆய்வுக்கு எடுத்த பிரிட்டிஷ் எம்.பி. உலகப்போர் முடிஞ்ச கையோடை, தொழிலாளர் வீடு ஒவ்வொண்டுக்கும் குளியலறை வேணுமெண்டு கேட்டவர்.”

“குடுத்தவையே?”

“ஓம், கனகாலத்துக்குப் பிறகு. பேர் மந்திரிக்குப் போயிட்டுது. இவரை ஒருத்தருக்கும் தெரியாது. நானும் ஆய்வை விடப்போறன். வேலையாலை வந்து வாசிக்க ஏலாமக் கிடக்கு.”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அம்மா படுக்கையிலை கிடக்கேக்கை அவவைக் குளிப்பாட்டக் கிணத்திலையிருந்து வாளி வாளியாத் தண்ணி தூக்கினனான். அந்த மனுசன் கேட்டது சின்ன விசயமில்லை.”

ரொம்சோஸ் நிலையத்தில் இறங்க எழும்பியவர் திரும்பினார்.

“ஞாயிற்றுக்கிழமை உன்ரை வேலையை நான் செய்யிறன். நீ இருந்து எழுது.”

இளையவள் கண்ணைத் திறந்தாள். “உங்களுக்கு நாரி நோவெல்லே, அக்கா? குனியவே ஏலாதே.”

“நோகும்தான். நீ எழுது.”