ஜிம்மி தின்ற நத்தை

மழை விட்ட காலையில் மரச்சீனிக் கிழங்குச் செடிக்கு அடியில் நத்தை நிறைய ஏறும், இன்ஸ்பெக்டர் ஏமான். எங்கள் தோட்டத்தில் ஓடில்லாத சாதிதான் அதிகம். ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு நான் பொறுக்குவேன். யாரோடும் பேச வேண்டியதில்லாத வேலை அது. எனக்குப் பிடிக்கும்.

என் தம்பி ரசலையன் செத்ததைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அம்மா போனபின் அவனை வளர்த்தது நான். நானும் கலியாணம் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பிறகு ஜிம்மி என்ற நாய். ரப்பர் விலை விழுந்து குலசேகரம் எஸ்டேட்டில் அவனுக்கு வேலை போனதும், பொழுது போகாமல் என் சிரட்டையிலிருந்து நத்தையை எடுத்து ஜிம்மிக்கு வீசத் தொடங்கினான். ஜிம்மி அந்தரத்திலேயே கவ்வும்.

“லேய் மக்கா, போடாத. அடுத்த வீட்டு தாணம்மாளுக்க பட்டி இதத் தின்னுதான் பின்னங்கால் போய்ச் செத்துது.”

“நீ பெரிய டாக்டராக்கும்” என்று சிரித்தான். “செத்தா வேற பட்டி கொண்டாறேன். நீ கரஞ்சு அழாத எக்கா.”

ஜிம்மிக்கு முதலில் இருமல். பிறகு பின்னங்கால்களை இழுத்து நடந்தது. கடைசியில் தலையைத் தொட்டாலே ஊளையிட்டது. அது செத்ததும் தம்பி சொன்ன சொல் தவறவில்லை. சந்தையிலிருந்து ஒரு குட்டி கொண்டுவந்தான். அதன் முன்னாலும் சிரட்டையோடு உட்கார்ந்தான்.

“இது எம்புட்டு நாளு நிக்குன்னு பாப்போம்” என்றான்.

நான் அவனை அடித்து வளர்த்தவள் அல்ல.

தம்பிக்குச் சாப்பாட்டு ஜெபம் நீளம். கோயிலில் அதற்காகவே அவனை எழுப்பி ஜெபிக்கச் சொல்வார்கள். வீட்டிலும் தட்டுக்கு முன் கண்ணை மூடினால் வியாதிக்காரர், விதவைகள், தூரதேசத்து மிஷனரிமார் என்று எல்லோரையும் சுற்றிவந்துதான் ஆமென் சொல்வான். கஞ்சி ஆறிவிடும். அந்த நேரத்தில், நான் அரைத்து வைத்திருந்த நத்தையை அவனுடைய தேங்காய்த் துவையலில் கலந்தேன். வேகவைக்கவில்லை. ஜிம்மிக்கு யார் வேகவைத்துக் கொடுத்தார்கள்? ஒளித்துச் செய்ததாக நினைக்க வேண்டாம்; எதிரே உட்கார்ந்துதான் செய்தேன். அவன் கண்ணைத் திறந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். ஒருநாளும் திறக்கவில்லை.

“எக்கா, பிடரி பொளக்குது” என்று ஒருநாள் சொன்னான். பிறகு கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சல் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊற்றி, நான்தான் பார்த்துக்கொண்டேன். வீட்டில் சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவனும் ஒன்றும் பேசமாட்டான். நல்ல நாட்கள் அவை. சின்ன வயதில் போல என் கையாலேயே சாப்பிட்டான். துவையலையும் சாப்பிட்டான்.

அடக்கத்தில் போதகர், இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும் என்றார். அது சரிதான். ஆனால் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றும் சொன்னார். அது சரியில்லை. அதைத் திருத்தவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒரு காரியம் மட்டும், ஏமான். இன்று காலையில் மழை விட்டிருக்கிறது. குட்டியை முற்றத்தில் கட்டியிருக்கிறேன். கயிறு நீளம், மரச்சீனி அடிமூடு வரை எட்டும். யாரையாவது அனுப்பிக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். தெரிந்தே ஒரு ஜீவனை நத்தை தின்ன விடுகிறவர்களை எனக்குக் கண்ணில் பார்க்கவே பிடிக்காது.