பதில் வந்த பயோடேட்டாக்கள்

பயோடேட்டாவில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையில் பிழை இருந்தால்கூடப் போகிறது, பந்தி எப்படியும் நடந்துவிடும். வேலைக்கு அனுப்புகிற காகிதம் அப்படியில்லை. அதைப் பார்க்கிறவர் முன்னால் ஒரு கட்டுக் காகிதம் கிடக்கும். ஒவ்வொன்றையும் தள்ளிவைக்க ஒரு சாக்கைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார். அந்தச் சாக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, மேடம்.

என் பெயர் ஜோஸ்பின். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். அதனால் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் ஒரே மாதிரிதான் எழுதிக்கொண்டு வருவார்கள். கடின உழைப்பாளி, நேர்மையானவன், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "நீ என்ன செஞ்சிருக்க, அதச் சொல்லு" என்பேன். கன்னிவாடியிலிருந்து ஒருவன் வந்தான். தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். தோண்டிக் கேட்டால், தக்காளி மண்டியில் அப்பாவுக்குப் பதிலாக இவன்தான் கணக்குப் பார்த்திருக்கிறான், ஆந்திர வியாபாரிகளிடம் தெலுங்கில் பேசிச் சமாளித்திருக்கிறான். அதை முதல் வரியாக வைத்தேன். பொய் எழுதினால் நேர்முகத்தில் நாலு கேள்வியில் உதிர்ந்துவிடும். உண்மையில் எது அந்த வேலைக்கு வேண்டுமோ அதை மேலே ஏற்ற வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

அப்படி எழுதியும் பதில் வராது. பிள்ளைகள் கடை வாசலில் வந்து நின்று, "எதும் வந்துச்சா டீச்சர்?" என்பார்கள். இல்லை என்று தலையாட்டுவேன். நானும் பெரிய பள்ளிகளுக்கெல்லாம் எழுதிப் போட்டுக் காத்துக் கிடந்தவள். வேலை இல்லை என்று சொல்லக்கூட ஒருவரும் பதில் போட்டதில்லை. அது ஆளை எப்படி அரிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனந்த்ராஜ் வந்தது அப்போதுதான். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட். டேட்டா என்ட்ரி வேலை, டைப்பிங்கும் சுமாரான இங்கிலீஷும் போதும் என்றார். சில பயோடேட்டாக்கள் கொடுத்தேன். அந்த வாரமே எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிள்ளைகள் கடையிலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஆனந்த்ராஜ் எனக்கும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை.

முதலில் போனவர்களில் இளஞ்செழியன் என்று ஒருவன். அவன் அப்பா சோலைமலை, சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர். ஒருநாள் கடைக்குள் நுழைந்து, "எம்மகன எங்கம்மா வித்த?" என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அங்கே டேட்டா என்ட்ரி இல்லையாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் இன்டர்நெட்டில் பேசிப் பணம் பறிக்கச் சொல்கிறார்களாம். சொன்ன அளவு பறிக்காவிட்டால் அடியாம். சோலைமலை சும்மா இருக்கிற ஆள் இல்லை. கட்சி ஆபீஸ், பத்திரிகை, சென்னை என்று அலைந்து மகனை மீட்டுவந்துவிட்டார். விசாரித்தவர்கள் என்னை டைப் அடித்துக் கொடுத்தவள் என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு இளஞ்செழியன் கடைக்கு வந்து, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன்.

ஆனந்த்ராஜ் சிலகாலம் கழித்து வந்தார். "கொடியப் பிடிச்சுட்டு வர்ற அப்பன் உள்ள பையன் வேணாம் டீச்சர். கேக்க நாதியில்லாதவனாப் பாத்து அனுப்புங்க" என்றார்.

எனக்கு அது விபரீதமாகப் படவில்லை. எந்தக் கம்பெனிக்கும் இப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அதுவரை கடைசியில் கிடந்த குடும்ப விவரத்தை மேலே ஏற்றினேன். வருகிற பிள்ளைகளை உட்காரவைத்து, "அப்பா இருக்காரா அப்பு? மாமன், சித்தப்பன் யாரும் போலீஸ்ல, கட்சியில இருக்காகளா?" என்று கேட்பேன். யாரும் இல்லை என்று சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கும். அவர்களிடம் அதுவரை யாரும் அப்படி அக்கறையாகக் கேட்டதில்லை.

விக்னேஷ்குமார் அப்படித்தான் வந்தான். வேடசந்தூர்க்காரன். அப்பா இல்லை. அம்மா ஒச்சம்மாளுக்கு நூற்பு மில்லில் வேலை. தமிழ்மதி என்று ஒரு தங்கச்சி, பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை. அவனுடைய விரல் கீபோர்டில் ஓடுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். அவன் கிளம்புகிற அன்றைக்கு ஒச்சம்மாள் மில் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தாள். "எம்புள்ளைய ஒரு எடத்துல ஒக்கார வச்சுட்டீக டீச்சர். ஒங்க காலு மண்ணு வேணும் எங்களுக்கு" என்றாள். எழுந்திரு ஒச்சம்மா என்று தூக்கிவிட்டேன்.

ஒரு மத்தியான நேரம், யாருடைய ரேஷன் கார்டுக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத வெளிநாட்டு நம்பர். விக்னேஷ்தான். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"டீச்சர், சமையக்காரரு போன்லருந்து பேசுறேன். செத்த நேரந்தான் பேச முடியும். இங்க அடிக்கிறாய்ங்க டீச்சர், கரண்டு வைக்கிறாய்ங்க. ஒங்களயும் ஏமாத்திப்புட்டாய்ங்க. தயவுசெஞ்சு இனிமே ஒருத்தனக்கூட அனுப்பிறாதீக. போலீஸ்ல சொல்லுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீக, தாங்காது."

தன்னை மீட்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. நான் ஏமாந்துபோனதாக நினைத்து என்னை எச்சரிக்கக் கூப்பிட்டிருக்கிறான். நல்ல பையன்.

லேமினேஷனை முடித்துக் கொடுத்துவிட்டு ஆனந்த்ராஜுக்குப் போன் போட்டேன். விக்னேஷ் பேசினான், இன்னின்னது சொன்னான் என்றேன். சமையல்காரருடைய போன் என்பதையும் சொன்னேன். அவர்கள் அவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இளஞ்செழியனின் முதுகைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த நேரம் என் மேஜையில் ஏழெட்டுப் பிள்ளைகளின் காகிதம் தயாராக இருந்தது. ஒருவன் பேசப்போய் அத்தனை பேருக்கும் பதில் வராமல் போனால் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

விக்னேஷ் சீல் வைத்த பெட்டியில் வந்தான். மாடியிலிருந்து தவறி விழுந்ததாகச் சொன்னார்கள், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். மாலை வாங்கிக்கொண்டு வேடசந்தூர் போனேன். கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி ஒச்சம்மாள் கேட்டாள். எழுதித் தந்தேன். ஏஜென்ட் பெயர் தெரியவில்லை என்று எழுதினேன். அவளுக்குத் தெரியாதுதானே.

தமிழ்மதி படிப்பை முடித்ததும் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். ஒச்சம்மாள் பாதியாக இளைத்திருந்தாள். மூச்சு இரைத்தது.

"பஞ்சு குடிச்சுக் குடிச்சு எனக்கு நெஞ்சு அடைக்குது டீச்சர். இவளயாச்சும் ஒரு எடத்துல ஒக்கார வைங்க. ஒங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

வெளிநாடு என்று நான் சொன்னதும் ஒச்சம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மாடி வேணாம் டீச்சர். கீழயே ஒக்காந்து பாக்குற வேலையாச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். தமிழ்மதியின் பயோடேட்டாவை அன்றைக்கே எழுதினேன். தகப்பனார் பெயர், பக்கத்தில் காலமானார். அண்ணன் பெயர், பக்கத்தில் காலமானார். தாயார் நோயாளி. ஒரு வரிகூட மிகையில்லை, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கச்சிதமான ஒன்றை நான் எழுதியதில்லை. சாயங்காலமே பதில் வந்துவிட்டது.

அவளை மதுரை விமான நிலையத்தில் நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்று சொன்னார்கள். உள்ளே போக வரிசையில் நின்றவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தீர்களாமே. இப்போது அவள் அம்மாவோடு மில் பஸ்ஸில் போய் நூல் முடிச்சுப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். முதல் வகுப்பில் தேறிய பிள்ளை. எழுதிப் போட்ட ஒரே காகிதத்துக்குப் பதில் வந்த பிள்ளை.

என்மீது என்ன வழக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை இப்படிக் கெடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது, மேடம்?