பவ்யா வீட்டுக் கணினியில் கிடந்த கேள்வி

பெயர் திருமுருகன், வயது 38, தகப்பனார் பெயர் லட்சுமணன், காலமாகிவிட்டார். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. தற்சமயம் பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் தனியாக வசித்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. தொழில் கணினிப் புரோகிராம் எழுதுவது, வேலை வீட்டிலிருந்தே. என்னைப் பற்றி யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஏட்டையா முதலில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டு மேற்கொண்டு எழுதினார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை உதவி ஆய்வாளர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டபோது நான் சொன்னதாவது: திருவேற்காட்டில் பவ்யா என்பவர் தனியாகக் குடியிருக்கும் வீட்டின் கதவை நேற்று மதியம் உடைத்தது நான்தான். மறுக்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயராமன் கொடுத்த புகாரில், அறிமுகமில்லாத நபர் அத்துமீறி நுழைந்ததாகவும், தனியாக இருக்கும் பெண்ணின் கணினியில் ஏதோ செய்து வைத்திருப்பதாகவும் இருக்கிறது என்று படித்துக் காட்டினார்கள். உடைத்தேன் என்பது சரி. அத்துமீறி என்பதும் அறிமுகமில்லாத என்பதும் என் வார்த்தைகள் அல்ல, அவற்றை என் வாயில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏட்டையாவுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் வேலையில் ஒரு வார்த்தை மாறினால் எல்லாம் கெட்டுவிடும், அந்தப் பழக்கம்தான் என்று சொன்னேன்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள சிறு பட்டறைகளுக்கு பில் போடும் புரோகிராம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில். கொரோனா நேரத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதன் பிறகு அலுவலக இடத்தையே காலி செய்துவிட்டார்கள். இப்போது அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது நான், பவ்யா, முகமது ஆசிக் ஆகிய மூன்று பேர். ஆசிக்குடன் பழைய அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறேன். பவ்யா அலுவலகம் மூடிய பிறகு சேர்ந்தவர், நாமக்கல் பக்கம். அவரை நான் நேரில் பார்த்தது கிடையாது. பாரிவாக்கத்துக்கும் திருவேற்காட்டுக்கும் ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். ஏன் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் பார்க்கவில்லை.

எங்கள் வேலை என்னவென்றால், பவ்யா எழுதுவது பட்டறைக் கணினியில் ஓடும் புரோகிராம். நான் எழுதுவது அதற்கு இணையம் வழியாக விவரம் கொடுக்கும் சர்வீஸ். அவருடையது கேட்கும், என்னுடையது பதில் சொல்லும். நடுவில் ஏதாவது கோளாறு வந்தால் இரண்டு பேரும் கணினி வழியாகவே பேசிக்கொண்டு, ஒருவர் திரையை மற்றவர் பார்த்துக்கொண்டு, கோளாறு எந்தப் பக்கம் என்று தேடுவோம். கேமராவைப் போடுவதில்லை. திரையைப் பார்த்தால் போதும், முகத்தைப் பார்த்து எந்தக் கோளாறும் சரியாகப் போவதில்லை. இப்படிக் காலையிலிருந்து மாலை வரை, பல நாள் சாப்பாட்டு நேரத்திலும், அவர் வீட்டு மிக்ஸி சத்தமும் என் வீட்டு மின்விசிறிச் சத்தமும் ஒன்றாகக் கேட்க இருந்திருக்கிறோம். நான் ஒரு நாளில் பேசும் பேச்சில் பெரும்பகுதி அவரிடம் பேசியதுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு என்று யார் வந்தாலும் தன் ஊகத்தைச் சொல்லக் கூடாது. 'ஏதோ எரர் வருது' என்று சொன்னால் பவ்யாவுக்குப் பொல்லாத கோபம் வரும். எதிரில் இருப்பவர் "என்ன வருது? அப்படியே படிங்க" என்று கேட்பார். மாட்டிக்கொண்டவர் திரையில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். பாதிக் கோளாறு படிக்கும்போதே பிடிபட்டுவிடும்.

வழக்குக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சர்வீஸ் விவரத்துக்குப் பதிலாக ஏதாவது செய்தி அனுப்பினால், பவ்யாவின் புரோகிராம் அதை ஒரு சின்னப் பெட்டியாகத் திரையில் காட்டும். யாராவது ஓகே பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வேலைக்குப் போகும். இந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள், பட்டறை ஆள் டீ குடிக்கப் போனால் எல்லாம் நின்றுபோகிறது என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர் எடுக்கவில்லை. "ஆள் பார்க்கோணும்ங்க, அதுக்குத்தான் பெட்டி" என்பார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒரு வாடிக்கையாளரின் புரோகிராம் சில மணி நேரம் ஓடியதும் உறைந்துபோகிறது என்ற புகாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பவ்யா தன் கணினியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். அது நிமிடத்துக்கு ஒரு முறை என் சர்வீஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், எப்போது தொடர்பு அறுகிறது என்று பார்க்க வேண்டும். "ஓடட்டும்ங்க, டீ வெச்சுட்டு வந்துர்றேன்" என்று சொல்லி, வழக்கம்போல மைக்கை அணைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் பேசவில்லை. ஆனால் அவர் கணினியிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. யார் எப்போது கூப்பிட்டார்கள் என்று சர்வர் தானாகவே வரிவரியாகக் குறித்துக்கொள்ளும், அதை லாக் என்போம். அதில் அவர் வரிகள் நிற்காமல் வந்தன. ஆகவே அவர் இருக்கிறார், வேலை பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கணினி ஓடுவதை ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் இருப்பவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு மாலையில் கோளாறு என் பக்கம்தான் என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, 'சரியாச்சு' என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாளாக இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்ட கோளாறு, ஒரு 'சூப்பர்' சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன். அவர் போனுக்குக் கூப்பிட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. அதன் பிறகு ஆசிக்கிடம் போனில் பேசினேன். "இன்னா மச்சான், அந்தம்மா ஒரு சாய்ங்காலம் பேசலன்னா இப்டி துட்ச்சுகினு கீற? வெள்ளிக்கெயம மச்சான், எங்கனா போயிருக்கும், உடு" என்று சிரித்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. இனி நானாகக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். லாக் ஓடும் ஜன்னலை மட்டும் மூடாமல் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே பரோட்டா சாப்பிட்டேன். வரி வரியாக அவர் வந்துகொண்டிருந்தது எனக்குத் துணையாக இருந்தது. ஏட்டையா இது தேவையா என்று கேட்டார். தேவை.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தபோது அழைப்புகள் இரவு முழுவதும் விடாமல் வந்திருந்தன. பவ்யா எந்த நாளும் வேலையை முடித்ததும் 'மூடறேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுக் கணினியை அணைப்பவர். அந்த வார்த்தை வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன் இப்போது ஆஃப் ஆகியிருந்தது. ஊருக்குப் போயிருப்பாரோ, மறந்திருப்பாரோ என்று எனக்கு நானே ஊகம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, ஊகம் சொல்லக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் சர்வீஸைத் திருத்தி, அடுத்த அழைப்பு வந்ததும் வழக்கமான விவரத்துக்குப் பதிலாக 'பவ்யா, இருக்கீங்களா?' என்ற செய்தி போகும்படி செய்தேன். செய்தி போனது. பெட்டி அவர் திரையில் வந்திருக்க வேண்டும். ஓகே அழுத்தினால் அடுத்த அழைப்பு வரும்.

அடுத்த அழைப்பு வரவில்லை. லாக் அந்த வரியோடு நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தின நாளிலிருந்து வந்துகொண்டிருந்தது நின்றதும் வீடு வெறிச்சென்று ஆனது. எனக்குப் பயம் வந்தது. அவர் கணினியில் நான் ஏதோ செய்து வைத்ததாகப் புகாரில் சொல்லப்படுவது இதுதான், இதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதன் பிறகு, முன்பு ஒரு முறை அவர் எனக்குக் கூரியரில் கீபோர்டு அனுப்பியபோது உறையில் எழுதியிருந்த முகவரி போனில் படமாக இருந்ததைத் தேடி எடுத்து, ஆட்டோ பிடித்து நேராகத் திருவேற்காடு போனேன். முகவரி எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு இதுவே பதில். வாசலில் காவலாளி திருவேங்கடம் இருந்தார். "இன்னா சார், யாரப் பாக்கணும்?" என்றார். சொன்னேன். "அந்தம்மா ஊட்லதான் கீதுன்னு நெனைக்கிறேன், வண்டி கீய நிக்கிதே. நீ அதுக்கு இன்னா ஒறவு?" என்றார். கூட வேலை பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூடவே மாடிக்கு வந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

திருவேங்கடம் செயலாளருக்கு போன் போட்டுக் கொடுத்தார். ஜெயராமன் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். தான் வரும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது, சாயங்காலம் வந்துவிடுவேன் என்றார். நான் சாயங்காலம்வரை இருக்கத் தயாராக இல்லை. நான் பொதுவாக யாரையும் எதிர்த்துப் பேசாதவன். அந்த வராந்தாவில் நின்று, அவரிடம் என்ன பேசினேன் என்று தெரியாத அளவுக்குக் கத்தினேன். அவருக்கு என்மேல் கோபம் இருப்பதில் நியாயம் உண்டு. அதன் பிறகு திருவேங்கடம் கீழே போய், பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து கடப்பாரை கொண்டுவந்தார். "செக்ரெட்ரி சாவடி அடிச்சாலும் நீதான் பதில் சொல்லணும் நைனா" என்றார். கடப்பாரையை அவர் எடுத்து வந்தார் என்றாலும் கதவை நெம்பியது நான். அவர் வேலைக்கு இதனால் பங்கம் வரக் கூடாது.

கதவு திறந்ததும் நான் உள்ளே போகவில்லை. இதை, சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த எதிர் வீட்டு அம்மாவிடமும் கேட்டுக்கொள்ளலாம். அவரும் இன்னொரு பெண்ணும்தான் போனார்கள். பவ்யா எந்த நிலையில் கிடக்கிறாரோ, ஒரு ஆணாக, முகம் தெரியாதவனாக நான் எப்படிப் போவது என்று வாசலிலேயே நின்றேன். ஹாலில் சமையலறைப் பக்கம் டீ கொட்டிக் காய்ந்திருந்ததும், டம்ளர் உருண்டு கிடந்ததும், அவருடைய ஒரு பாதமும் தெரிந்தன. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தலையிலும் அடிபட்டு, எழ முடியாமல் வெள்ளிக்கிழமையிலிருந்து கிடந்திருக்கிறார். உயிர் இருக்கிறது என்று அந்த அம்மா கத்தினார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வாசலிலிருந்து பார்த்தபோது மேஜைமேல் கணினித் திரையில் 'பவ்யா, இருக்கீங்களா?' என்ற பெட்டி அப்படியே நின்றிருந்தது. ஆம்புலன்ஸில் உறவினர் மட்டும் ஏறலாம் என்றார்கள். நான் ஏறவில்லை.

இதுவரை நான் சொல்லி முடித்ததும், உதவி ஆய்வாளர் என்னைப் படம் எடுத்து, ஆஸ்பத்திரியில் காவலுக்கு இருக்கும் பெண் காவலருக்கு அனுப்பினார். பவ்யா நினைவு திரும்பி, கொஞ்சம் பேசும் நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சற்று நேரத்தில் பதில் வந்தது. படத்தைக் காட்டியதற்கு, இவரைத் தெரியாது என்று பவ்யா தலையசைத்துவிட்டார். "தெரியாதுங்குதேப்பா அந்தம்மா, இப்ப இன்னா சொல்ற?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அவர் சொன்னது உண்மை, அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை என்றேன். எத்தனை வருடம் பேசியிருந்தாலும், அறிமுகமில்லாத நபர் என்று ஜெயராமன் எழுதியது சரிதானோ என்று தோன்றியது.

அதன் பிறகு, போனில் ஒரே ஒரு வாக்கியம் பேச அனுமதி கேட்டேன், என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன். உதவி ஆய்வாளர் பெண் காவலரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜையில் வைத்தார். நான், "என்ன வருது? அப்படியே படிங்க" என்றேன்.

பவ்யாவின் குரல், மிகவும் மெல்லியதாக, "பச்சையில எண்பத்திரெண்டு. நீலத்துல தொண்ணூத்தாறு. கீழ ஒரு கோடு போய்ட்டே இருக்குதுங்க" என்றது. பெண் காவலர், சார், அந்தம்மா ஏதோ உளறுது என்றார். உளறவில்லை, கட்டில் பக்கத்தில் இருக்கும் மெஷினைப் படிக்கிறார், ஒன்றும் கூட்டவில்லை குறைக்கவில்லை என்று நான் சொன்னேன். அதற்குள் பவ்யா மறுபடி பேசினார். "பெட்டி வந்துதுங்க. தரையில இருந்தே படிச்சேன். கைதான் எட்டல" என்றார்.

ஏட்டையா தண்ணீர் கொடுத்தார்.

காலியாக விட்ட இடத்துக்கு யார் பெயர் எழுதுவது என்று ஏட்டையா திரும்பக் கேட்டார். பவ்யா என்று சொல்லி அவர் நம்பரைக் கொடுத்தேன். அந்த போன் ஆஃப் ஆகியிருக்கிறது என்பதையும் சொன்னேன். பரவாயில்லை என்று எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இரண்டு இடத்தில் வார்த்தை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இதில் உள்ளது அனைத்தும் நடந்தது, நடக்காதது எதுவும் இதில் இல்லை.

(ஒப்பம்)
ல. திருமுருகன்