வெறுங்கால்

— காலு கெடந்து தெறிக்கி மக்கா. உள்ள கம்பி வச்சிருக்காவ. நீ வந்த காரியத்த சட்டுண்ணு சொல்லு.

— அல்போன்ஸ் அண்ணாச்சி, நான் கார் ஷோரூம்ல சர்வீஸ் செக்சன் சுஜித். கொட்டாரத்துக்காரன். ஓர்ம இருக்கா?

— இல்லாமலா? வண்டி தன்னால பாயுதுண்ணு ஓணத்துக்கு முந்தி வந்து நிண்ணேன்லா. நீதான 'குறை ஒண்ணும் இல்ல'ண்ணு எழுதி கையில தந்த? ஏட்டி அபினா, சாருக்கு ஒரு கட்டன்சாயா போடு... அவ எனக்கிட்ட மிண்ட மாட்டா. அடக்கம் கழிஞ்சு ஒரு மாசமாச்சு, மாமாண்ணு ஒரு விளி இல்ல. அவளுக்க அம்மையத்தான அந்த வண்டி கொண்டு போச்சு. எனக்க கூடப்பிறந்த விக்டோரியாவ.

— வருத்தந்தான் அண்ணாச்சி. கம்பெனி எஞ்சினியர் வந்து வண்டியப் பாத்தாரு. ரிப்போர்ட் வந்திருக்கு. நீங்க ஒரு ஒப்பு போட்டா வண்டிய சும்மாவே சரியாக்கித் தந்திருவோம்.

— என்ன எழுதியிருக்கு?

— சுருக்கமாச் சொல்லுகேன். வண்டியில குறை இல்ல. ஓட்டுனவருக்க தவறு.

— எனக்க தவறா? லே, மண்டைக்காட்டுச் சந்தைக்கு முன்ன நிறுத்திப்போட்டு, பிரேக்குல காலு வச்சிட்டு இருக்கேன். விக்டோரியா தலையில மீன் சருவத்தோட வண்டிக்கு முன்னால கடந்து வாறா. எஞ்சின் ஒரு அலறல். ரெண்டு காலையும் பிரேக்குல வச்சு சவுட்டுகேன். நிண்ணா? அவளத் தூக்கி மதில்ல கொண்டு அடிச்சப்பெறவுதான் நிண்ணு.

— கம்ப்யூட்டர்ல வேற மாதிரி பதிஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க. பிரேக் மிதிபடல. ஆக்சிலேட்டர்தான் முழுசா அமுங்கியிருக்குண்ணு.

— யாருக்க கம்ப்யூட்டரு?

— வண்டிக்க கம்ப்யூட்டரு.

— கிறுக்கு பிடிச்சதும் அது, சாட்சி சொல்லுததும் அதுவா? கொள்ளாம்லே! நாளைக்கு கோர்ட்டுல ஜட்ஜி கசேரியிலயும் அதையே தூக்கி இருத்துங்க.

— கோவப்படாதிய அண்ணாச்சி.

— கோவப்படாம? ஸ்டேஷன்ல கேசு எனக்க பேர்ல. கோயில்ல எனக்க பெஞ்சில ஒருத்தன் இருக்க மாட்டான். இப்ப நானே எனக்க காலப் பாத்து, நீதான் சவுட்டுனியா லேண்ணு கேக்கேன். சொந்தக் காலையே நம்ப முடியாம ஆக்கிட்டிய.

— நீங்க வேணும்னு மிதிச்சியண்ணு யாரும் சொல்லல. செருப்புதான் காரணம்.

— என்ன செருப்பு?

— உங்க செருப்பு கழண்டு ஆக்சிலேட்டர்ல சிக்கியிருக்கு. போட்டோ இருக்கு.

— எனக்க செருப்பா? முப்பது வருசம் வள்ளத்துல போனவன் நான். செருப்பிட்ட காலோட எவனாவது வள்ளத்துல ஏறுவானா? கடலுக்குப் போறத நிறுத்திட்டு வாங்குன வண்டி, அதும் எனக்கு வள்ளந்தான். செருப்ப வாசல்ல கழத்திப் போட்டுட்டு வெறுங்காலோடதான் ஏறுவேன். அண்ணைக்கும் அப்படித்தான். நீ கேறி வரும்போ வாசல்ல தட்டுப்பட்டுதா இல்லியா? அதுதான் எனக்க செருப்பு.

— நாங்க வயக்காட்டுப் பக்கம் அண்ணாச்சி. வள்ளத்துக்க முறை எங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியாதுல்லா. அதான் மாட்டிக்கிட்டிய. போட்டோவ எடு.

— அதெதுக்கு இப்ப...

— எடுலே! ம்... இது பெண்ணுவளுக்க செருப்புலா. இதுல எனக்க பெருவிரலு கூட கேறாது. எனக்க காலப் பாக்காமலே ரிப்போர்ட் எழுதுனானா உங்க எஞ்சினியரு?

— மாமா, இஞ்ச தாருங்க. நான் பாக்கேன்.

— அபினா... மோளே, நீயா விளிச்ச?

— சாரே, இத பெரிசாக்கிக் காட்டும். இந்த வாரு அறுந்த இடத்துல பச்ச வலநூலு போட்டு தச்சிருக்கு.

— வலநூலு இந்தக் கரையில எல்லாரு வீட்டுலயும் இருக்குமே பிள்ளே.

— நூலு இருக்கும். முடிச்சு? மாமா, இது நீங்க இட்ட முடிச்சுதான?

— ...எனக்க முடிச்சுதான் மோளே.

— சாரே, வண்டியக் கெட்டி இழுத்துட்டுப் போனப்ப இது எங்க இருந்துது? கையில இருக்க சாயாவ வச்சுட்டு சொல்லும்.

— நான் சம்பளத்துக்கு நிக்கவன்...

— எங்க இருந்துது?

— முன்பக்க பம்பர்ல. மேனேஜர் எடுத்து உள்ள வைக்கச் சொன்னாரு. நான்தான் வச்சேன். போட்டோவும் நான்தான் எடுத்தேன்.

— அட பாவி! எஞ்சினியரு பாக்க வாறதுக்கு முன்னயா?

— ஆமா அண்ணாச்சி.

— மாமா, அந்த பேப்பர அவருக்க கையிலயே குடுங்க. ஒப்பும் இல்ல, உங்க வண்டியும் வேண்டாம். ஆஸ்பத்திரியில எங்களுக்கு ஒத்தச் செருப்புதான் தந்தாவ சாரே. வெறுங்காலோடதான் பெட்டியில கெடத்துனோம். போய் உங்க மேனேஜர்கிட்ட சொல்லும், கோர்ட்டுல வச்சு வாங்கிக்கிடுதோம்: எங்க அம்மைக்க வலங்கால் செருப்பு ஒண்ணு நீங்க தர பாக்கி.